காரமில்லாத தட்டு

"அவனுக்கு ஏழு வயசு. மிளகாய் பட்டா வாய் வெந்துபோகும்."

"என்ன ஏழு வயசு? முப்பதைத் தாண்டின ஆம்பளைடி அவன்! இந்நேரம் மீசை முளைச்சிருக்கும். அவனுக்குப் போயி இன்னும் கஞ்சி ஊத்திக்கிட்டு—"

"செத்த பிள்ளைக்கு எங்கய்யா மீசை முளைக்கும்? பாட்டிலை எடு. எடுக்கிறியா, வாசல்ல வீசட்டுமா?"

"தொட்டுப் பாரு கிழவி!"

எலோதியா தொட்டாள். படையல் மேடையிலிருந்து மெஸ்கால் சாராயப் பாட்டிலைத் தூக்கித் தரையில் வைத்தாள். பவுலினோ அதை எடுத்து மறுபடியும் மகன் படத்தின் முன்னால் வைத்தான். படத்தில் எஃப்ரென் முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் படம் பிடித்த வருஷமே காய்ச்சல் வந்து போய்விட்டான்.

வருஷா வருஷம் செத்துப்போன சிறுபிள்ளைகள் வீடு தேடி வரும் நாளில் எலோதியா வாசலிலிருந்து மேடைவரை செண்டுப்பூ இதழ் தூவுவாள். சின்ன மண் கோப்பையில் சோளக் கஞ்சி, இனிப்பு ரொட்டி, தகர லாரி. மேடை எட்டாதே என்று ஒரு முக்காலி. பவுலினோ கரும்பை வளைத்துக் கட்டிக் கொடுப்பதோடு சரி. அதற்குமேல் வாயைத் திறந்ததே இல்லை. இந்த வருஷம் மகனுக்கும் மிளகாய்க் குழம்பு வைக்கச் சொல்லி, முக்காலியை மூலையில் தள்ளிவிட்டு, பையன் படத்தைத் தன் அப்பா அம்மா படங்களுக்கு நடுவே மாட்டியிருந்தான்.

"உனக்கு என்னதான் வந்துச்சு?"

பதில் சொல்ல வாயெடுத்தவனை இருமல் பிடித்துக்கொண்டது. துணியை வாயில் பொத்திக்கொண்டு, தான் தள்ளிவிட்ட முக்காலியிலேயே உட்கார்ந்தான். முழங்கால் மோவாயை இடித்தது. டவுன் டாக்டர் சொன்னதை அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொண்டதே இல்லை.

"சின்னதுங்க நாளைக்கு மத்தியானம் கோயில் மணி அடிச்சதும் கிளம்பிடும். இல்லையா?"

"ஆமா."

"அதுங்க போன பிறகுதானே பெரியவங்க வருவாங்க?"

"ஊருக்கே தெரிஞ்ச விஷயம். அதை எதுக்கு எங்கிட்ட கேக்குற?"

"அடுத்த வருஷம் நான் பெரியவங்களோட வருவேன், எலோதியா. நான் வாசல்ல கால் வைக்கிறப்போ அவன் போயிருப்பான். எல்லா வருஷமும். அவன் குடிச்ச கோப்பைதான் எனக்கு மிச்சம். அவன் பெரியவனாயிட்டா ஒண்ணா வரலாம்ல?"

"அங்கேயே பாத்துக்குவீங்க."

"அங்க எப்படியோ, யாரு கண்டா? எனக்குத் தெரிஞ்சது இந்த வீடுதான்."

எலோதியா அடுப்பைப் பார்க்கப் போகிறவள்போல உள்ளே போனாள். கஞ்சி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. கிளறினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்றாள், யாரும் கேட்காமலே.

திரும்பி வந்து மகன் படத்தைக் கழற்றினாள். பழைய இடத்தில், தகர லாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். பாட்டிலை மாமனார் படத்தின் முன்னால் நகர்த்தினாள். பவுலினோ தடுக்கவில்லை. சாம்பிராணிப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மகனுடைய கோப்பையில் கஞ்சி ஊற்றினாள். அலமாரியைத் துழாவி இன்னொரு மண் கோப்பையை எடுத்து, தோள் துண்டில் துடைத்து, அதன் பக்கத்தில் வைத்தாள். அதில் ஒன்றும் ஊற்றவில்லை.

"கிழவா, அவன் வளர வேண்டாம். அடுத்த வருஷம் உனக்கும் சின்னதுங்க வர்ற இதே நாள்ல காரமில்லாம ஆக்கி வைக்கிறேன். குறை சொல்லாம, அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்துடுவியா?"