தலை உயரத்திலிருந்து ஒரு பாட்டில்

1

என் கால்சட்டை நனைந்ததால் பிறந்த கதை இது. வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கி மூடியைத் திருகினேன். மூடி திரும்பவில்லை, பாட்டில் திரும்பியது. பாட்டிலின் இடுப்பு ஒடிந்து பாதித் தண்ணீர் என் மடியில். பக்கத்தில் நின்றவன் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு தள்ளி நின்றான். வந்த கோபத்தில் பாட்டிலைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். பாட்டில் வார்க்கிற ஒவ்வொரு அச்சுக்கும் ஓர் எண் உண்டு, அது பாட்டிலின் அடியில் பதிந்திருக்கும்.

ஏழு.

ஏழாம் எண் அச்சு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது உங்களுக்கு இப்போது வேண்டாம்.

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதனால் மருமகள் தட்டச்சு செய்கிறாள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம்: எடை குறைப்பாள். நான் பத்து வரி கொடுத்தால் ஆறு வரிதான் வெளியே வரும். எங்கள் சண்டையை அடைப்புக்குறிக்குள் அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். விட்டாளா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "காலைச் சூரியன் தொழிற்சாலைக் கூரையின் மேல் பொன்னை உருக்கி"

பொய். கூரை தகரம். சூரியன் அதன் மேல் உருக்கியது எங்களைத்தான்.

இரண்டாம் தொடக்கம்: "அவர் ஒரு நல்ல மனிதர்."

யாராவது இப்படிப் பேச்சை ஆரம்பித்தால் நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். விட்டுவிட்டேன்.

மூன்றாவது: அவருடைய வேலை பாட்டிலைக் கீழே போடுவது.

இதை வைத்துக்கொள்வோம். இது உண்மை. தண்ணீர் நிரப்பி, மூடி திருகி, நிமிர்ந்து நின்று, தலை உயரத்துக்குத் தூக்கிக் கையை விட வேண்டும். உடையவில்லை என்றால் தாளில் கையெழுத்து. கையெழுத்து இல்லாமல் ஒரு பாட்டிலும் வாசலைத் தாண்டாது. ஓட்டைக்கையார் என்று பெயர் வைத்திருந்தோம். ஆள் பனைமரம், ஆறடி இரண்டங்குலம். நாள் முழுக்கக் கீழே போடுகிற மனிதர் வீட்டில் ஒரு கரண்டியை நழுவவிட்டதில்லை. தான் கையெழுத்துப் போட்ட பாட்டில் எவன் கையிலும் உடைந்ததில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. அதைத் தினமும் துடைத்து வைத்துக்கொள்வார்.

(மருமகள்: "அவரு உங்க அக்கா வீட்டுக்காரர்தானே மாமா? அதைச் சொல்லுங்க." சொல்லியாகிவிட்டது. டைப் பண்ணு.)

3

பாட்டில் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமல் மேலே படித்துப் பயனில்லை.

அரிசி போன்ற பிளாஸ்டிக் மணி மூட்டையில் வரும். அதைச் சூடான காற்றில் மணிக்கணக்காகக் காய வைக்க வேண்டும். ஈரம் தங்கினால் பாட்டில் பார்க்க லட்சணமாக இருக்கும், தெம்பு இருக்காது. காய்ந்ததை உருக்கி அச்சில் செலுத்தினால் ஒரு சாணுக்குள் தடித்த குழல் ஒன்று வரும். அதில் வாய் இருக்கும், மூடி திருகும் மரை இருக்கும், உடம்பு மட்டும் இருக்காது. வாய்தான் முதலில் பிறக்கும். எங்கள் மேலாளரும் அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும்.*

அந்தக் குழலை விளக்குச் சூட்டில் இளக்கி அச்சுக்குள் நிறுத்தினால், ஒரு கம்பி உள்ளே இறங்கி நீட்டும், காற்று புஸ்ஸென்று அடிக்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் பாட்டில். குழலின் எடைதான் பாட்டிலின் எடை. மற்றதெல்லாம் காற்று.

* மருமகள் இதை நீக்கச் சொன்னாள். மேலாளர் இப்போது உயிரோடு இல்லை, அதனால் இருக்கட்டும்.

4

பாட்டில் முப்பது கிராம். ஒரு நாள் மேலாளர் வந்து இருபத்தெட்டு என்றார். ஓட்டைக்கையார் நிரப்பினார், தூக்கினார், விட்டார். உடைந்தது. மறுபடி விட்டார். மறுபடி உடைந்தது. மேலாளரின் செருப்பு நனைந்தது.

"கொஞ்சம் குனிஞ்சு போடுங்களேன்."

"நிமிந்து நின்னு போடணும்னு தாள்ல இருக்கு சார்."

"எத்தனை அடின்னு இருக்கா?"

"அடிக்கணக்கு இல்ல. சோதிக்கிறவர் தலை உயரம்னு இருக்கு."

"உங்க தலை ஏன்யா அவ்ளோ மேல இருக்கு?"

"அது எங்கப்பாவைக் கேக்கணும் சார்."

மேலாளர் தாளை வாங்கி நாலு தடவை படித்தார். பிறகு தரையைப் பார்த்தார். அப்படிப் பார்க்கிற ஆளை நம்பாதீர்கள்.

மறுநாள் சோதனை மேடைக்குப் பக்கத்தில் ஒரு குழி. ஒரு சாண் ஆழம், ஓர் ஆள் நிற்கும் அகலம். ஓட்டைக்கையார் அதில் இறங்கி நிமிர்ந்து நின்றார். தலை உயரம் தலை உயரம்தான். பாட்டில் தரையில் விழுந்தது, உருண்டது, உடையவில்லை.

கையெழுத்துப் போட்டார்.

(மருமகள்: "இதெல்லாம் நடக்குமா மாமா?"

"நடந்துச்சு."

"குள்ளமா ஒரு ஆளைப் போட்டிருக்கலாமே?"

"டைப் பண்ணு."

இந்தக் கேள்வியை அவள் இவ்வளவு சீக்கிரம் கேட்டிருக்கக் கூடாது.)

5

இருபத்தாறு கிராம், இரண்டு சாண். இருபத்து நாலு, மூன்று சாண். எடை குறையக் குறைய ஓட்டைக்கையார் பூமிக்குள் போய்க்கொண்டிருந்தார். இருபதில் இடுப்பு தாண்டியது. பதினெட்டில் மார்பு. அவருக்கு ஒரு ஏணி கொடுத்தார்கள். பிறகு மழைத்தண்ணீர் இறைக்க ஒரு வாளி. பாட்டில் கனமாகத் தெரிந்தால்தான் வாங்குகிறார்கள் என்று மேலாளர் முன்பைவிட அடர்ந்த நீல நிறத்தில் ஒட்டுத்தாள் போட்டார். உள்ளே வெங்காயத் தோல்.

வீட்டில் அக்கா கேட்டாள்: "என்னங்க, சட்டை பூரா மண்ணு?"

"வேலை."

"பாட்டில் கம்பெனியில ஏது மண்ணு?"

அவர் டம்ளரை எடுத்தார். அது நழுவி விழுந்தது. முப்பது வருடத்தில் முதல் தடவை. இரண்டு பேரும் டம்ளர் உருண்டு ஓய்கிறவரை அதையே பார்த்தார்கள்.

"உடையலல்ல?" என்றார் அவர்.

"எவர்சில்வர் எங்கயாவது உடையுமா? உங்களுக்கு என்னமோ ஆயிருச்சு."

இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் சந்தேகம். ஆறு முறை இறங்கிய மனிதரை யோக்கியர் என்று எழுதலாமா? முதல் சாணிலேயே மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும், அங்கேயே இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த அவர் மச்சினன் வேலையும் போகும் என்று அவர்

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு இஷ்டமில்லை.

(மருமகள்: "குழியை யாரு தோண்டினாங்க?"

"மெஷின்காரன்."

"எந்த மெஷின்காரர்?"

"ஏழாம் நம்பர் அச்சு ஓட்டினவன்."

"மாமா..."

"ஆமா. நான்தான். டைப் பண்ணு.")

மேலாளர் கடப்பாரையை என் கையில் கொடுத்தார், நான் தோண்டினேன். ஊரில் குழி பறிக்கிறவர்கள் மறைவாகப் பறிப்பார்கள். நான் பட்டப்பகலில், அளவுகோல் வைத்துப் பறித்தேன். மச்சான் மேலே நின்று, "ஓரத்தைக் கொஞ்சம் சரி பண்ணு மாப்ள, முழங்கை இடிக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

6

கடைசி நாள். பதினாறு கிராம். கழுத்து வரை குழி. தரையில் ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும். பாட்டிலைப் பிடித்தாலே விரல் தடம் விழுந்தது. பாட்டில் வாங்குகிற கம்பெனியிலிருந்து வெளி ஆட்கள் நாலு பேர் பார்க்க வந்திருந்தார்கள். தலையை மிதித்துவிடாமல் சுற்றி நின்றார்கள்.

"போடுங்க," என்றார் மேலாளர்.

ஓட்டைக்கையார் பாட்டிலைத் தலைக்கு நேராகத் தூக்கினார். தரைக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். அந்த உயரத்திலிருந்து முட்டையைப் போட்டாலும் யோசித்துத்தான் உடையும்.

அவர் விடவில்லை.

"ஏணியைக் குடு மாப்ள."

"எதுக்கு மச்சான்?"

"குடுறா."

கொடுத்தேன். ஏறி வந்தார். முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். குழிக்கு வெளியே அவர் பாட்டிலோடு நிமிர்ந்து நின்று எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. இவ்வளவு உயரமா என்று எங்கள் எல்லோருக்கும் கழுத்து நோகிற அளவுக்கு நின்றார். பாட்டிலைத் தலைக்குத் தூக்கினார்.

"யோவ், எறங்குய்யா!" என்றார் மேலாளர்.

"தலை உயரம் சார். தாள்ல இருக்கு."

இங்கே மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அ) பாட்டில் வெடித்து, ஒரு லிட்டர் தண்ணீரும் நாலு வெளி ஆட்கள் மேலேயும் விழுந்தது. (ஆசை.)

ஆ) பாட்டில் உடையவில்லை. ஊரே அதிசயித்தது. (மேலாளரின் ஆசை.)

இ) அவர் கையை விடவே இல்லை. இன்னும் அங்கேயே நிற்கிறார். (மருமகளின் யோசனை. "அழகா இருக்கும் மாமா." எவனுக்கு அழகு? கை வலிக்காதா?)

மூன்றையும் அடித்துவிட்டேன். ஏனென்றால் நான் பார்க்கவில்லை. அந்த நொடியில் முகத்தை இயந்திரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தும் திரும்பினேன். புஸ், புஸ் என்ற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது மச்சான் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். தரை ஈரம். அங்கே தரை எப்போதும் ஈரம்தான். தாளில் கையெழுத்து இல்லை.

(மருமகள்: "போன் போட்டுக் கேளுங்களேன். அவரு இன்னும் இருக்காருல்ல?"

இருக்கிறார். கேட்க மாட்டேன்.

"சரி, கையெழுத்து இல்லாம ஒரு பாட்டிலும் வாசலைத் தாண்டாதுன்னீங்க. அப்புறம் உங்க மடியில தண்ணி எப்படிக் கொட்டுச்சு?"

எடை குறைக்கிறவளுக்கு இதெல்லாம் மட்டும் கண்ணில் பட்டுவிடும்.)

7

மறுநாள் காலையில் குழியை மூடிச் சிமெண்டு பூசியிருந்தார்கள். இனிமேல் குழி தேவையில்லை. ஆள் மாற்றிவிட்டார்கள். புதுச் சோதனைக்காரன் ஐந்தடிக்கும் குறைவு.

நான் இதுவரை என் உயரத்தைச் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

என் தலை உயரத்திலிருந்து போட்டாலும் அது உடையும் என்று எனக்குத் தெரியும். ஏழாம் அச்சில் அதை ஊதியவனே நான்தானே. மேலாளர் தாளை நீட்டினார், பேனாவையும் நீட்டினார். "எப்படியும் தாங்கும், எதுக்குத் தரையை நனைச்சுக்கிட்டு" என்றார். நான் பாட்டிலைக் கீழே போடவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டேன். கோழி கிளறியது போன்ற கையெழுத்து. வேலையை விட்டு நிற்கிறவரை தினமும்.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு என்னிடம் இல்லை. உங்கள் வீட்டில் கட்டாயம் ஒரு பாட்டில் இருக்கும். அடியில் ஏழு என்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கழுத்து வரை தண்ணீர் நிரப்புங்கள். மூடியை இறுக்குங்கள். மெத்தை மேல் போட்டுவிட்டு உடையவில்லை என்று எழுத வேண்டாம், உங்களைப் போல எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். வெறும் தரை. குனியக் கூடாது. தலை உயரம், உங்கள் தலை.

விட்டுவிட்டு முகத்தைத் திருப்பாதீர்கள்.

என்ன ஆனது என்று கீழே இருக்கிற வெற்று இடத்தில் எழுதி, கையெழுத்துப் போடுங்கள். எனக்குக் காட்ட வேண்டாம்.

(மருமகள்: "மாமா, எங்க போறீங்க? சமையலறையில என்ன சத்தம்? தண்ணி எதுக்குப் பிடிக்கிறீங்க?")