பின்னால் யாரும் வரக் கூடாது

விமானம் பதினொன்று இருபதுக்கு. கல்பகம் விடிந்ததுமே புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். கைத்தடி மடிமேல் இருந்தது.

"கார் வர இன்னும் நாழி இருக்கு," என்றார் அவள் கணவர் சாம்பசிவம்.

"வரட்டும்."

"அதுவரைக்கும் இப்படியே உக்காந்திருக்கப் போறியா?"

"ஷூ கட்ட நேரமாறது. கட்டியாச்சு. நீங்க போய்க் குளியுங்கோ."

போன வருஷம் குளியலறையில் விழுந்து அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. பிளேட் வைத்தார்கள். முதலில் வாக்கர், பிறகு தடி. தெலுங்கு ஊரில் அவர்களுடைய ஏ.எஸ்.ராவ் நகர் வீடு இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. இப்போது அவளே ஏறுகிறாள், அவளே இறங்குகிறாள். மெதுவாக.

சென்னையில் இருக்கும் மகன் ஸ்ரீனிவாஸ் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான். போவதற்கு மட்டும். திரும்பி வருவதற்கு எடுக்கவில்லை. சாம்பசிவம் போனில் கேட்டதற்குச் சொன்னான்: "முதல்ல வாங்கோப்பா. அம்மா எப்படி நடக்கறான்னு பாக்கறேன். வீல்சேர்லதான் வரணும்னா, அந்த ரெண்டாம் மாடி வீட்டை எதுக்கு வெச்சுண்டிருக்கணும்? நல்ல விலைக்குப் போகும். இங்கேயே இருந்துடுங்கோ."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கல்பகம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டிக்கெட்டோடு அவன் சக்கர நாற்காலிக்கும் பதிவு செய்திருந்தான். சாயங்காலம் அவளே விமான நிறுவனத்துக்குப் போன் செய்து அதை ரத்து செய்தாள். பிறகு கணவரைக் கூப்பிட்டாள்.

"முன்னாடியே ஏறிக்கலாமாமே, கூடக் காசு கட்டினா. ரெண்டு பேருக்கும் கட்டுங்கோ."

"எதுக்கு? எல்லாரும் அதே விமானத்துலதான் போறா. முன்னாடி ஏறினா நமக்கு மட்டும் சென்னை முன்னாடி வருமா?"

"எனக்குப் பின்னால யாரும் வரக் கூடாது. அவ்வளவுதான்."

அவருக்குக் காரணம் தெரியும். தீபாவளிக்கு முன்பு தார்நாகா மெட்ரோ நிலையத்தில், லிஃப்டில் கூட்டமாக இருக்கிறதென்று அவள் படியில் ஏறினாள். பின்னால் வந்த பையன் தொடக்கூட இல்லை. "ஜல்தி, ஆண்ட்டி" என்று அவசரப்படுத்தினான். கால் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைசியில் காவலாளிகள் இரண்டு பேர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அன்றிலிருந்து பின்னால் காலடி கேட்டால் அவளுக்குக் கால் எழுவதில்லை. விமானத்தின் நடைவழியில் யாரும் அவளைத் தாண்டிப் போக முடியாது. எல்லாரும் பின்னால்தான் நிற்க வேண்டும். கூட்டம் வருமுன் போய் உட்கார்ந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

"வீல்சேர் இலவசம்," என்றார் சாம்பசிவம். "காசு குடுத்து நடக்கப் போற முதல் ஆள் நீதான்."

"ஹவ், ஆமாம். நான்தான். கட்டுங்கோ."

கட்டினார்.

விமான நிலையத்தில் எங்கும் அவள் அவசரப்படவில்லை. பாதுகாப்புச் சோதனையில் தடியையும் இயந்திரத்துக்குள் அனுப்பச் சொன்னார்கள். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று, தடி மறுபக்கம் வந்ததும் எடுத்துக்கொண்டாள். கேட்டுக்கு எதிரில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து ஒரு கை அசைந்தது.

ராகவேந்திரா. மூவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். கேன்டீனில் தமிழர்களோடு உட்கார்ந்தே தமிழ் கற்றுக்கொண்டவர்.

"என்னம்மா கல்பகம், சேர் போடலியா?"

"நக்கோ, வேண்டாம். முன்னாடி ஏறக் காசு கட்டியாச்சு. உங்களுக்கு என்ன ஆச்சு? காலா?"

"காலுக்கு என்ன? நேத்து கூட பார்க்குல நாலு ரவுண்டு."

"பின்ன?"

"நடக்க முடியாதுன்னு யார் சொன்னா? நிக்க முடியாது. க்யூல." அவர் எழுந்து, எதிர்க்கடைக்கு விடுவிடுவென்று போய்க் காபி வாங்கிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். "இது ஃப்ரீ. காபிக்குத்தான் காசு. நீங்க ஒரு சேர் கேட்டிருந்தா சாம்பசிவமும் கூடவே முன்னாடி போயிருக்கலாம்."

"நானும் அதைத்தான் சொன்னேன்," என்றார் சாம்பசிவம்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிண்டிருங்கோ," என்றாள் கல்பகம்.

ஊழியர்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களை ஏற்றிச் செல்லத் தனி வண்டி. அது விமானத்தின் வாசல் உயரத்துக்கே தூக்கிவிடும். ராகவேந்திரா போகும்போது கையசைத்தார்.

பிறகு கட்டணம் கட்டியவர்களை அழைத்தார்கள். முக்கால்வாசிப் பேர் எழுந்தது போலிருந்தது.

"எல்லாருமே கட்டியிருக்கா போலிருக்கே," என்றார் சாம்பசிவம்.

ஆனாலும் அவர்கள் வரிசையின் முதலில் இருந்தார்கள். சீட்டைக் காட்டிவிட்டு, லிஃப்டில் கீழே இறங்கினார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே விமானம் இல்லை. பஸ் நின்றது. விமானம் தூரத்தில் எங்கோ இருந்தது.

கல்பகம் பஸ்ஸில் முதலாவதாக ஏறினாள். தரையோடு ஒட்டிய படி, சிரமமில்லை. ஏறியதும் நேராக உள்ளே போனாள். கடைசி வரை போய், பின்கோடியில் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். சாம்பசிவம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தொழிற்சாலை பஸ்ஸில் முப்பது வருஷம் அப்படித்தான் ஏறினார்கள். முதல் நிறுத்தம் அவர்களுடையது. முதலில் ஏறுகிறவர்கள் கடைசி வரை உள்ளே போய்விட வேண்டும். அடுத்த நிறுத்தங்களில் ஏறுகிறவர்களுக்கு இடம் விட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவன் யாராவது வாசலில் நின்றால் மொத்த பஸ்ஸும் அவனைத் திட்டும். அவளும் திட்டியிருக்கிறாள்.

இங்கே வாசலருகில் காலி இருக்கைகள் இருந்தும் கட்டணம் கட்டிய ஒரு இளைஞன் கதவோரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனை யாரும் திட்டவில்லை. அவனைப் போலவே இன்னும் சிலர் நின்றார்கள். பிறகு கட்டணம் கட்டாதவர்கள் ஏறினார்கள். பஸ் நிரம்பியது. தோள்களும் முதுகுப்பைகளும் அவர்களுக்கும் கதவுக்கும் நடுவே நின்றன.

பஸ் புறப்பட்ட பிறகுதான் சாம்பசிவத்துக்குப் புரிந்தது.

"கல்பகம்."

"தெரியறது."

"கதவு திறந்தா இவாதான் முதல்ல இறங்குவா."

"தெரியறதுன்னு சொன்னேனே."

"ஏரோப்ளேன்ல முன்னாடி ஏறறதுக்குன்னு கட்டினோம். பஸ்ல ஜன்னல் சீட் குடுத்திருக்கான்."

அவள் சிரிக்கவில்லை. தடியின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்.

விமானத்தின் பக்கத்தில் பஸ் நின்றது. நகரும் படிக்கட்டு எதுவும் இல்லை. தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய இரும்புப் படிகள். கதவோரம் நின்ற இளைஞன் முதலாவதாக ஏறிப் போனான்.

"வழி கேக்கட்டுமா?" என்றார் சாம்பசிவம்.

"வேண்டாம். எல்லாரும் போகட்டும். கடைசியில இறங்கலாம். பின்னால யாரும் இருக்க மாட்டா."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்குக் காசே வேண்டாமே," என்றார்.

"இப்பத்தானே தெரியறது."

பஸ் காலியாயிற்று. அவள் இறங்கினாள். வெயில் தார்த்தரையில் எரிந்தது. படிக்கு அடியில் நின்ற ஊழியர் தடியைப் பார்த்துவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தார்.

"வீல்சேர் காவாலா, அம்மா?" வேண்டுமா என்று தெலுங்கில் கேட்டார்.

"வத்து, பாபு," என்று மறுத்தாள்.

கடைசிப் பயணியும் மேலே உள்ளே போகும் வரை காத்திருந்தாள். பிறகு கணவரிடம் திரும்பினாள்.

"நீங்க கீழேயே நில்லுங்கோ. நான் மேல போனப்புறம் வாங்கோ."

"நானுமா?"

"உங்க காலடியும் காலடிதான்."

அவர் நின்றார். அவள் இடக்கையால் கைப்பிடியைப் பிடித்தாள். நல்ல கால் மேலே. பிறகு தடி. பிறகு பிளேட் வைத்த கால். மறுபடி நல்ல கால். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் கற்றுத்தந்த முறை. வீட்டில் நாள்தோறும் செய்வது. இரும்புப் படி ஒவ்வொன்றும் லேசாக அதிர்ந்தது.

பாதிப் படி ஏறியிருப்பாள். இரண்டாவது பஸ் வந்து நின்றது.

சாம்பசிவம் அதை எதிர்பார்க்கவில்லை. இன்னொரு பஸ் வரும் என்று ஊழியரும் சொல்லியிருக்கவில்லை. கதவுகள் திறந்தன. கூட்டம் இறங்கி நேராகப் படியை நோக்கி வந்தது. முன்னால் வந்தவர் தோளில் பையை மாட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டே வந்தார்.

மேலே கல்பகம் ஒரு படியில் நின்றாள். பஸ்ஸின் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. தடி அசையாமல் நின்றது.

சாம்பசிவம் பையைக் கீழே வைத்தார். முதல் படியில் ஏறித் திரும்பி நின்று, இரண்டு கைப்பிடிகளையும் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டார். ஒல்லியான மனிதர். கைகளை விரித்தால் சரியாக அந்த அகலம்தான் இருந்தார்.

"க்யா ஹுவா, அங்கிள்?" என்ன ஆச்சு என்று ஹிந்தியில் கேட்டார் போன்காரர்.

"மேரி பீவி சட் ரஹீ ஹை." மனைவி ஏறுகிறாள் என்றார் சாம்பசிவம்.

"ஹம் பீ சடேங்கே. ஜகா தோ." நாங்களும் ஏற வேண்டும், வழி விடுங்கள் என்றார் அவர்.

"நக்கோ," என்றார் சாம்பசிவம். "ஊப்பர் பஹுஞ்ச்னே தோ." முதலில் அவள் மேலே போய்ச் சேரட்டும்.

பின்னாலிருந்து ஒரு குரல் தெலுங்கில் என்ன தாமதம் என்று கேட்டது. ஊழியர் அருகில் வந்து, "சார், கொஞ்சம் ஒதுங்கி..." என்று தெலுங்கில் தொடங்கினார். சாம்பசிவம் கையை எடுக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. தன் வாழ்நாளில் எந்த க்யூவிலும் எவரிடமும் தகராறு செய்யாதவர் அவர்.

"என் ஒய்ஃப். தானாவே நடக்கறா," என்றார் தமிழிலேயே. "அவ ஏறி முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் ஏறக் கூடாது."

போன்காரர் போனை இறக்கினார். மேலே பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். நீலப் புடவை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, தடி. யாரும் படியில் கால் வைக்கவில்லை.

கல்பகத்துக்குப் பின்னால் காலடி கேட்கவில்லை. சற்று நேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு நல்ல காலைத் தூக்கி வைத்தாள்.

மேல் படியை அடைந்து, வாசலில் நின்ற பணிப்பெண் நீட்டிய கையை வாங்காமல், கைப்பிடியைப் பிடித்துத் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள். கீழே ஒரு பஸ் நிறைய ஆட்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் படிக்கும் நடுவே, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டை வியர்வையில் ஒட்ட, கைகளை விரித்துக்கொண்டு அவர்.

"ஏன்னா," என்று கூப்பிட்டாள். "வாங்கோ. ஆச்சு."

அவர் கைகளை இறக்கினார். பையை எடுத்துக்கொண்டு படியேறினார். கூட்டம் அவர் பின்னால், அவருடைய வேகத்திலேயே ஏறியது.

உள்ளே முதல் வரிசையில் ராகவேந்திரா உட்கார்ந்திருந்தார். நடைவழிப் பக்கம் நீட்டியிருந்த காலை இழுத்துக்கொண்டார்.

"படியிலயா வந்தீங்க?"

"படியிலதான்."

"நான் இங்க உக்காந்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? கட்டின காசு வேஸ்ட்தானே?"

"சுத்த வேஸ்ட்," என்றாள் கல்பகம். அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். மேலும் நடந்தாள். அவர்களுடைய இருக்கை நடுவில் இருந்தது. அவளுக்குப் பின்னால் சாம்பசிவம் வந்தார், வேண்டுமென்றே நன்றாக இடைவெளி விட்டு. அவருக்குப் பின்னால் மொத்த பஸ்ஸும் இடைவெளி விட்டு வந்தது.

உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, தடியைப் பணிப்பெண்ணிடம் கொடுத்தார்கள்.

"சண்டை போட்டேளா?" என்றாள்.

"நானா? சும்மா நின்னுண்டிருந்தேன்."

"ஹிந்தியில வேற பேசினேளாக்கும்."

"உனக்குக் கேட்டதா?"

"அந்த ஹிந்தி சென்னைக்கே கேட்டிருக்கும்."

சென்னையில் பஸ் இல்லை. விமானத்திலிருந்து நேராகக் கட்டடத்துக்குள் போகும் வழி. எல்லாரும் இறங்கிய பிறகு இறங்கினார்கள். நீண்ட கூடங்கள். நடுவில் ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். சக்கர நாற்காலி ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. அதில் ராகவேந்திரா இல்லை. அவர் எங்கோ முன்னால் நடந்தே போய்விட்டிருந்தார்.

வெளியே தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீனிவாஸ் நின்றான். அவன் முன்னால் ஒரு சக்கர நாற்காலி. விலைக்கு வாங்கியது. கைப்பிடிகளில் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அவன் முதலில் அப்பாவைப் பார்த்தான். பிறகு அம்மாவை. பிறகு அவளுடைய கால்களை.

கல்பகம் அவனை நோக்கி நடந்தாள். நல்ல கால், தடி, மற்ற கால். அவன் ஓடிவரப் பார்த்தான். சாம்பசிவம் தூரத்திலிருந்தே கையைக் காட்டி நிறுத்தினார்.

அவள் நாற்காலி அருகே வந்தாள். அதைச் சுற்றிப் பார்த்தாள். தோள்பையைக் கழற்றி அதன் இருக்கையில் வைத்தாள். கணவர் கையிலிருந்த பையையும் வாங்கி அதன் மேல் வைத்தாள்.

"அம்மா..." என்றான் ஸ்ரீனிவாஸ்.

"நல்ல வண்டி. தள்ளிண்டு வா," என்றாள். "ரிட்டர்ன் டிக்கெட் போடும்போது முன்னாடி ஏறறதுக்கெல்லாம் ஒண்ணும் கட்டாதே, சீனு. உங்கப்பா இருக்கார். என்னிக்குப் போடறே?"