நான்கு வரி நிபந்தனை

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, ஒப்புக்கொள்கிறேன். அக்கா எழுதிய நிரலிலிருந்து அவள் பெயரை வழித்தெடுத்துவிட்டார்கள்.

தொடக்கம்: "மழை தூறிய ஒரு மாலையில் அவள்..." (வேண்டாம். மழையே இல்லை. மின்விசிறிதான் கரகரத்தது.)

2
இலவச இயங்குதளம் ஒன்றுக்காக, வைஃபை அட்டையை இயக்கும் நிரலை அக்கா மூன்று வருடம் உட்கார்ந்து எழுதினாள். உரிமம் நான்கு வரி: எடு, மாற்று, விற்றுக்கூடக் கொள், என் பெயரையும் இந்த வரிகளையும் மட்டும் அழிக்காதே. நான் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. இவ்வளவு மலிவான பேரத்தைப் பார்த்ததில்லை. இதிலும் ஏமாற்ற ஒருவருக்கு மனசு வந்திருக்கிறது!

இன்னொரு இலவச இயங்குதளக்காரர்கள் அதை எடுத்தார்கள். நான்கு வரியையும் தூக்கிவிட்டுத் தங்கள் உரிமத்தை ஒட்டினார்கள்: இதிலிருந்து எடுப்பவர் தம் நிரலையும் இதே உரிமத்தில்தான் தரவேண்டும்.

3
அவர்களுடைய பொறுப்பாளருக்கு வில்லன் மீசை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவ்வளவு பணிவான குரல். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாங்களே சொந்தமா எழுதினது மேடம்."

"அப்படியா? உங்க நிரல் ஆரம்பத்துல முப்பத்தேழு மில்லிநொடி சும்மா நிக்குதே, எதுக்கு சார்?"

"அது... அட்டைக்குத் தேவை மேடம்."

"எங்க வீட்டு அட்டைக்கு மட்டும்தான் தேவை. என் தம்பி அதுமேல உக்காந்ததுலேர்ந்து அது லேட்டாத்தான் முழிக்கும்."

(கணினித் துறைக்கு நான் செய்த ஒரே தொண்டு.)

"எல்லாம் பொதுநலத்துக்குத்தானே? பேரு ஒரு பெரிய விஷயமா மேடம்?"

"பெரிய விஷயம் இல்லன்னா உங்க பேரை எதுக்கு சார் போட்டீங்க?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

4
இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் புலம்பல். அந்த நிரலில் ஓர் ஓட்டை இருந்தது. பக்கத்து அறையிலிருந்தே யாரும் உங்கள் கணினிக்குள் புகுந்துவிடலாம். அவர்கள் பதினொரு வரியில் அடைத்துவிட்டார்கள். அக்காவின் பக்கம் இன்னும் திறந்தே கிடக்கிறது. அந்த வரிகளை எடுத்தால் அவளுடைய நிரல் முழுவதும் அவர்கள் உரிமத்துக்குள் போகவேண்டும்.

தானே அடைக்கலாமே என்பீர்கள். அவசரத்தில் அவர்களுடையதைப் படித்துவிட்டாள். இனி எப்படி எழுதினாலும் அந்தப் பதினொன்றுதான் விரலில் வருகிறது; அதுவும் நகல்தான். எழுதித்தர, அதைப் படிக்காத ஒருவரைத் தேடினாள். அப்படிப்பட்டவர்களில் அந்த அட்டையைப் புரிந்துகொண்டவர் யாரும் இல்லை.

5
முடிவு அ: சத்தமில்லாமல் எடுத்துப் போடுகிறாள், அவர்கள் பெயர் இல்லாமல்...

"எடு அக்கா. உன் வீட்டுச் சரக்குதானே!"

"எடுத்தா எனக்கும் அவனுக்கும் என்னடா வித்தியாசம்?"

அந்த முடிவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: நேர்மையாக உட்கார்ந்திருக்கிறாள். அதற்குள் யாரோ ஒருவருடைய கணினியில்...

அதையும் அடித்துவிட்டேன். ஒன்றில் அவளைத் திருடியாக்கவேண்டும், மற்றதில் முட்டாளாக்கவேண்டும். இரண்டையும் செய்யமாட்டேன், போங்கள்.

அந்த அட்டை உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே இருக்கலாம். அக்கா விசைப்பலகைமேல் கையை வைத்துக் காத்திருக்கிறாள். நீங்களே சொல்லுங்கள், எடுக்கட்டுமா?