எதிர்பார்க்கும் விடை

1

இந்தக் கதைக்குக் காரணம் என் தங்கை. ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறாள். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்பு அவர்கள் குறிப்பேட்டில் எழுதும் பாடத்திட்டத்தில் 'எதிர்பார்க்கும் விடை' என்றொரு கட்டம் உண்டு. தான் கேட்கப்போகும் கேள்விக்குப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

"நீதான் பெரிய எழுத்தாளராச்சே, அண்ணா. இத நிரப்பிக் கொடு. நாளைக்குத் தேர்வாளர் வந்து பின்னாடி உக்காருவாங்க. இதுல போச்சுன்னா எனக்கு ஒரு வருஷம் போச்சு."

நிரப்பினேன். (என் எழுத்தை ஒருவராவது கடைசிவரை படிப்பார் என்று உறுதியாகத் தெரிந்தது அதுதான் முதல் முறை.)

2

காலை வெளிச்சம் வகுப்பறைச் சன்னல் வழியே மெல்ல—

வேண்டாம். நான் அங்கே இல்லை. தங்கை சொன்னதை எழுதுகிறேன்.

கேள்வி: காயப்போட்ட துணியிலிருந்த தண்ணீர் எங்கே போனது? நான் எழுதிய விடை: 'ஆவியாகிக் காற்றில் கலந்தது.' ஐந்தாம் வகுப்பில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. என் கதைகளில் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

இரண்டாம் வரிசைச் சிறுமி எழுந்தாள். "சுவத்துக்குப் போயிடுச்சு, மிஸ்."

"உங்க வீட்டுச் சுவரு சட்டை போட்டுக்குமாடி?" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

"நிஜமாத்தான். எங்களுக்கு ஒரே ரூம். உள்ளயே கயிறு கட்டித்தான் காயப்போடுவோம். காலையில துணி காஞ்சிருக்கும், சுவர் ஈரமா இருக்கும். நான் தொட்டுப் பாத்திருக்கேன்."

'தப்பு, உட்காரு' என்று சொல்லித் தங்கை அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். "சன்னல் திறந்திருந்துச்சா?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். ஆளாளுக்குத் தங்கள் வீட்டுச் சுவரைப் பற்றிப் பேச ஆரம்பித்து, மணியும் அடித்துவிட்டது. பாட முடிவில் பிள்ளைகளைக் கேள்வி கேட்கும் மதிப்பீடு நடக்கவில்லை, வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை, திட்டத்தில் பாதி அப்படியே கிடந்தது.

(ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு மறுபடி நீராகிறது. சிறுமி சொன்னது அடுத்த வாரப் பாடம்.)

3

முடிவு அ: தேர்வாளர் கண்கலங்கி, "நீதான்மா ஆசிரியை" என்கிறார்.

"சத்தியமா அந்தம்மா அப்படிப் பேசுற ஆளே இல்ல, அண்ணா."

முடிவு ஆ: சிவப்பு மையில், 'திட்டத்திலிருந்து முற்றிலும்—'

எழுதி முடிக்கக் கை வரவில்லை.

நடந்தது இதுதான். தேர்வாளர் குறிப்பேட்டைப் புரட்டினார். "'ஆவியாகிக் காற்றில் கலந்தது'ன்னு எந்தப் பிள்ளைம்மா சொல்லும்?"

"எங்கண்ணன் சொல்லுவாரு, மேடம்."

அவர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டை மூடிவிட்டுச் சிறுமியிடம் போய், "எந்தச் சுவர்ம்மா? தெருப்பக்கமா, உள்பக்கமா?" என்று கேட்டாராம். பிறகு போய்விட்டார்.

4

மதிப்பெண் வெள்ளிக்கிழமை வரும். "அதுக்குள்ள நான் பாஸுன்னு எதையாவது எழுதித் தொலைக்காத" என்றாள். எழுதவில்லை. பேனாவை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அன்று தங்கை கிளம்பும்போது அந்தச் சிறுமி ஓடிவந்து, "மிஸ், அடுத்த வாரமும் நீங்கதானே வருவீங்க?" என்று கேட்டிருக்கிறாள். தங்கை ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டாள்.

நீங்களாவது அந்தச் சிறுமிக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.