காலிப் பெட்டிகளின் வேகம்

என் வேலை கிரேன் ஓட்டுவது. கப்பல் வராத துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவது, ஆளில்லாத வீட்டில் காலிங்பெல் அடிப்பது மாதிரி. சும்மா நின்றால் துருப்பிடித்துவிடும் என்று இரவில் இயக்கச் சொல்லியிருந்தார்கள். யாரோ கைவிட்டுப்போன காலிக் கண்டெய்னர்களை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றுவேன். மறுநாள் இரவு பழையபடி கொண்டுவந்து வைப்பேன். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. அதுவும் அக்கா புருஷன் தயவில் கிடைத்தது.

மாமா துறைமுகத்தின் திட்ட அதிகாரி. படுத்துவிட்ட துறைமுகத்தைத் தூக்கி நிறுத்த ஒரு திட்டம் தயாரித்துக்கொண்டிருந்தார். பெரிய கப்பல் கம்பெனி ஒன்று அதை ஒப்புக்கொண்டால் பிழைத்தோம். இல்லையென்றால் கேட்டுக்குப் பூட்டு, கிரேன் பழைய இரும்புக்கு. என்னை இரும்புக் கடைக்காரன்கூட எடுத்துக்கொள்ள மாட்டான்.

ஒரு நாள் இரவு மாமா கீழே நின்று நான் பெட்டி மாற்றுவதைப் பார்த்தார். செல்போனில் நேரம் பிடித்தார். மணிக்கு முப்பது பெட்டி.

"மாப்ள, இவ்ளோ நாள் எங்கடா இருந்த?"

"மேலதான் மாமா. நீங்கதான் நிமிந்து பாக்கல."

முப்பது என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டார். காலிப் பெட்டி தக்கைபோல் லேசாக வரும். சரக்குப் பெட்டி கனம். அவசரப்பட்டால் ஊஞ்சலாடும். அது அடங்கும்வரை காத்திருந்துதான் இறக்க வேண்டும். பெட்டி பெட்டிதானே என்று மாமா நினைத்தார். நானும் திருத்தவில்லை. பாராட்டு நம் பக்கம் வருவதே அபூர்வம். வந்ததைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்தார். மாமா படம் படமாகத் திரையில் காட்டினார். அந்த அம்மா முப்பதில் விரலை வைத்தார்.

"சரக்கோட ஒரு கப்பல் அனுப்பறேன். இதே வேகத்துல இறக்குவீங்களா?"

"ஆபரேட்டரே இங்கதான் இருக்கார். சொல்லு மாப்ள."

நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெட்டியின் கீழே ஆட்கள் நடப்பார்கள், செத்தால் ஜெயில் எனக்கு. பயம்தான்.

"இல்லங்க. அது காலிப் பெட்டி கணக்கு. சரக்குன்னா அதுல பாதி வந்தா பெரிசு."

மாமா தண்ணீர் குடித்தார். தம்ளரில் தண்ணீர் இல்லை.

அந்த அம்மா திட்டத்தை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "காலின்னா நெஜமாவே முப்பதா?"

"அரைத்தூக்கத்துலயே வரும்ங்க."

"எங்க பெரிய துறைமுகம் பூரா காலிப் பெட்டியா கெடக்கு. சரக்கு எறக்க எடமில்ல. அதையெல்லாம் இங்க கொண்டு வந்து அடுக்கி, கேக்கறப்ப ஏத்தி விடுவீங்களா?"

மாமா வாய் திறப்பதற்குள், "மூணு வருஷமா அதத்தாங்க பண்றேன்," என்றேன்.

கிரேனைப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுந்தார். படியில் மாமா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"உலக வாணிபம், தொழிற்பேட்டைன்னு ரெண்டு வருஷம் எழுதினேன்டா. காலி டப்பா குடோன் ஆக்கிட்டியே."

"டப்பாவும் கப்பல்லதான் மாமா வரும்."

முறைத்தார். சட்டையை விட்டார். கசங்கிய இடத்தை அவரே நீவிவிட்டு, "மேல ஏறி ஒழுங்கா ஓட்டிக் காட்டு. கொட்டாவி விட்டுத் தொலைக்காத," என்றார்.