லேமினேஷன் போட்ட வேண்டுதல்

லேமினேஷன் மெஷின் சூடேறப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் ஜெராக்ஸ் கடைக்காரர் சும்மா இருக்கமாட்டார். எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் பிடித்துவைத்துப் பேசுவார். அன்று காலை அவரிடம் மாட்டியவர் எதிர்வீட்டு டீச்சர். டீச்சர் கையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது.

“மடிச்சுக் குடுக்காதீங்க டீச்சர். மடிப்பு அப்படியே விழுந்துரும். சாமி படிக்கிறப்ப நடுவரி மறைஞ்சுரும்.”

“நீங்க படிக்கமாட்டீங்கல்ல?”

“அடுத்தவங்க வேண்டுதலைப் படிக்கிறது பாவம். கவுத்துப் போட்டுத்தான் மெஷின்ல விடுவேன்.”

சொன்னபடியே தாளைக் கவிழ்த்தார். அதன் அடியில் அச்சடித்த சிறு பட்டை ஒன்றை ஒட்டி மெஷினுக்குள் விட்டார். பளபளவென்று வெளியே வந்த அட்டையின் மூலைகளைக் கத்தரியால் வளைத்து வெட்டி, விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டார். அடியில் இருந்த பட்டையில் கடையின் பெயர், ஃபோன் நம்பர், அதற்கும் கீழே மூன்றே சொற்கள்: கரையாது, கிழியாது, அழியாது.

மூன்று மணி நேர பஸ் பயணத்தில் ஒரு கோவில் இருக்கிறது. அதன் முற்றத்தில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றிடம் மனதில் உள்ளதைச் சொன்னால் நடக்கும் என்று சனங்களுக்கு நம்பிக்கை. சொல்வதற்குக் கூச்சப்பட்ட யாரோ ஒருவர் எழுதிப் போட, அதைப் பார்த்து நாலு பேர் போட, இப்போது எல்லோருமே தாளில் எழுதிப் போடுகிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கடைக்காரரும் மனைவியும் அங்கே போனார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடம். டாக்டர், ஊசி, மாத்திரை என்று அலைந்து ஓய்ந்துபோன நேரம். ‘சொந்தத்துல மெஷினை வெச்சுக்கிட்டு வேண்டுதலை நனைய விடலாமா’ என்று யோசித்து, குழந்தை வேண்டும் என்று எழுதி லேமினேஷன் போட்டு மனைவி கையில் கொடுத்தார். அவர் செருப்புக்குக் காவல் நிற்க, அவள் போய்க் கிணற்றடியில் கும்பிட்டுவிட்டு வந்தாள். அடுத்த வருடம் பெண் குழந்தை பிறந்தது.

அப்புறம் கேட்கவேண்டுமா? “மத்தவங்க எழுதினது தண்ணில ஊறி மை கலைஞ்சு போச்சு. எங்களுது அச்சு மாதிரி நின்னுச்சு. சாமி தெளிவாப் படிச்சார்” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் இதைச் சொல்ல ஆரம்பித்தால் மனைவிக்கு மட்டும் உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும். முதலில் அந்தத் தெருக்காரர்கள் அட்டை போட்டுக்கொண்டார்கள். பிறகு பக்கத்துத் தெரு. பிறகு பஸ் பிடித்துக் கூட்டமாகக் கோவிலுக்குப் போகிறவர்கள் மொத்தமாக வந்து போட்டுக்கொண்டு போனார்கள்.

இப்போது குழந்தையோடு போகும் முறை. ஒரு வயது முடிவதற்குள் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டுவதாக நேர்ந்துகொண்டிருந்தார்கள். கடை, காய்ச்சல், மழை என்று தள்ளிக்கொண்டே போய், நாளைக்குப் பிறந்தநாள் என்று வந்து நின்றுவிட்டது. இன்றைக்கு விட்டால் நேர்ந்தது நேர்ந்ததோடு போய்விடும். டீச்சரின் அட்டையோடு சேர்த்துத் தெருக்காரர்கள் கொடுத்தனுப்பிய நாற்பத்துமூன்று அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

கோவில் முற்றத்தில் நுழைந்ததுமே தடை. கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் குடமும் பாட்டிலுமாக நூறு பேர். அந்தப் பக்கம் மலையாகக் குவிந்த சேறு.

“தண்ணி எடுக்க முடியாதுங்க” என்றார் பூசாரி. “கிணத்துல மூணு நாளா சொட்டுத் தண்ணி இல்ல. தூர் வாருறாங்க.”

“சாமி, குழந்தைக்கு நாளைக்கு ஒரு வயசு. நேர்ந்துக்கிட்டோம். ஒரே ஒரு சொம்பு குடுத்தாக்கூடப் போதும்.”

“எனக்கே அபிஷேகத்துக்கு வெளியிலேர்ந்து குடத்துல வருது. நான் எங்க போவேன்?”

மனைவி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் கடைக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “மழை நல்லாத்தானே பேஞ்சுது? கிணத்தை ஒழுங்காப் பாத்துக்கத் துப்பில்லையா? யாரு இதுக்குப் பொறுப்பு?” என்று கயிற்றைத் தாண்டி நேராகக் கிணற்றடிக்கே போய்விட்டார்.

அங்கே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ராட்டினத்தில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தாள் ஓர் அம்மாள். கிணறு தூர் வாருவது அவளும் அவள் புருஷனும் செய்யும் தொழில். கிணற்றுக்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். புருஷன் உள்ளே இறங்கிச் சேற்றை அள்ளி வாளியில் போட, அவளும் இன்னும் இரண்டு பேரும் மேலே இழுத்தார்கள்.

“வாங்க சார்” என்றாள் அவள், ஏதோ அழைத்தவள் போல. “மூக்குல கண்ணாடி இருக்கு, நல்லதாப் போச்சு. என் கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். இதைப் படிச்சுச் சொல்லுங்க.”

சேற்றுக் குவியலிலிருந்து ஒன்றை உருவி, சேலைத் தலைப்பால் துடைத்து நீட்டினாள். சேறு போனதும் வெயிலில் பளிச்சென்று மின்னியது. மூலைகள் நான்கும் அழகாக வளைத்து வெட்டியிருந்தன.

“ஊத்துக்கண்ணு மேல இதுங்க சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காப் படிஞ்சு கிடக்குது சார். நூறு, இருநூறு இருக்கும். தண்ணி எப்படி ஊறும்? காகிதம்னா கரைஞ்சு சேறாப் போகும். அதை அள்ளிடலாம். இது பத்து வருஷம் ஆனாலும் இப்படியேதான் இருக்கும். படிங்க, என்ன போட்டிருக்கு?”

கடைக்காரரின் கண் முதலில் அடிப்பட்டைக்குத்தான் போயிற்று. மேலே எழுதியிருந்ததை மட்டும் படித்தார்: “மாடி வீட்டுக்காரர் நாய் குரைக்காமல் இருக்க அருள் செய்ய வேண்டும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “நாய்க்கும் சேர்த்து ஒரு அட்டை போட்டிருக்கலாம்” என்றார் கயிறு பிடித்தவர்களில் ஒருவர்.

“அது கிடக்கட்டும் சார். அடியில சின்னதா என்னமோ அச்சடிச்சிருக்கே. ஃபோன் நம்பர் மாதிரி இருக்கு. இருந்தா சொல்லுங்க, அந்த மகராசன்கிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசணும்.”

“அது… சேறா இருக்கும்மா. சரியாத் தெரியல.”

பின்னாலேயே வந்து நின்ற மனைவி இதைக் கேட்டாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

அதே சமயம் உள்ளேயிருந்து கிணற்றுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். முழங்காலில் கிழிந்த துணியைச் சுற்றியிருந்தார். துணி சிவந்திருந்தது.

“என்ன ஆச்சு அண்ணே?” என்று கேட்டுவிட்டார் கடைக்காரர்.

“ஒண்ணுமில்ல. காலையில இறங்கினதும் இந்த அட்டை மேல கால் வெச்சுட்டேன். எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிடுச்சு. இடுப்புல கயிறு இருந்துச்சு, பொழைச்சேன். தலை போய்க் கல்லுல இடிச்சிருந்தா இவ இந்நேரம் வேற பாட்டு பாடிக்கிட்டு இருப்பா.”

“உன் தலையைக் கல்லு ஒண்ணும் செய்யாது” என்றாள் கிணற்றுக்காரம்மா. ஆனால் சொல்லும்போதே அந்தத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

கடைக்காரர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பையில் இன்னும் நாற்பத்துமூன்று இருக்கின்றன. யாருக்கும் தெரியாது. பேசாமல் திரும்பிப் போய் பஸ் ஏறிவிடலாம். ஆனால் மூன்று மணி நேரமும் மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவாள். அதையும் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். சிவந்துபோன அந்தத் துணியை எப்படிச் சமாளிப்பது?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கடையில் பேசும் அதே குரலில் அடிப்பட்டையை உரக்கப் படித்தார். கடையின் பெயரைப் படித்தார். நம்பரை ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். “கரையாது, கிழியாது, அழியாது” என்று முடித்தார். “நம்பர் போட வேண்டாம்மா. நான்தான் அந்தக் கடைக்காரன். உங்க ரெண்டு வார்த்தையை நேராவே பேசிடுங்க.”

கிணற்றுக்காரம்மா அவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள்.

“ஆளைப் பார்த்தா விவரமாத்தான் தெரியுது” என்றாள். “சட்டையைக் கழட்டுங்க. கயிறு இழுக்க ஒரு கை குறையுது.”

கழற்றினார். பேப்பர் கட்டைத் தவிர வேறு எதையும் தூக்கியறியாத கை அது. பத்தாவது வாளியிலேயே உள்ளங்கை கொப்புளித்தது. “பேசுற வேகத்துல பாதி வேகம் இழுக்கிறதுல காட்டுங்க சார்” என்றார் மறுபடி உள்ளே இறங்கிவிட்ட கிணற்றுக்காரர். வாளியில் வந்த அட்டைகளை மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பொறுக்கித் தனியாகச் சாக்கில் போட்டாள். கயிற்றுக்கு வெளியே நின்றவர்களில் ஏழெட்டுப் பேர் குடத்தை வைத்துவிட்டுக் கைகொடுக்க வந்தார்கள்.

நடுவில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது கடைக்காரர் மனைவியிடம் மெல்லச் சொன்னார்: “தப்புத்தான், ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு நினைச்சுப் பாரு. நம்ம அட்டை மட்டும் இல்லேன்னா இவ பிறந்திருப்பாளா?”

மனைவி ஓர் அட்டையைச் சாக்கில் போட்டாள். “நம்ம அட்டை இந்தச் சாக்குல இல்லீங்க.”

“நீ எப்படிச் சொல்ற? இன்னும் பாதி உள்ளே இருக்கு.”

“நான் போட்டாத்தானே இருக்கும். அன்னிக்கு பஸ்ல ஒரே புழுக்கம். அதை வெச்சு விசிறிக்கிட்டே வந்தேன். இறங்கிப் பார்த்தா கையில இல்ல, சீட்டுலயே விட்டுட்டேன். உங்ககிட்டச் சொன்னா மூணு மணி நேரம் பேசுவீங்க. அதனால சுவரைப் பிடிச்சுக் குனிஞ்சு, வாயால சொல்லிட்டு வந்துட்டேன்.”

கடைக்காரர் சாக்கையும் கிணற்றையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ரெண்டு வருஷமா ஏன் சொல்லல?”

“அவ்வளவு சந்தோஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தீங்க. கெடுக்க மனசு வரல. கிணறு தூர்ந்துபோகும்னு நான் என்ன கண்டேன்? அந்த விதத்துல எனக்கும் இதுல பங்கு இருக்கு. இவளைக் கொஞ்சம் பிடிங்க, நானும் இழுக்கிறேன்.”

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் உள்ளேயிருந்து கிணற்றுக்காரர் குரல் கொடுத்தார். கால்விரலுக்கிடையில் சில்லென்று ஊறுகிறது என்றார். கலங்கலாக வந்தது, மெல்லத் தெளிந்தது. தெளிந்த முதல் குடம் சாமிக்குப் போயிற்று. இரண்டாவது குடத்தைக் கிணற்றுக்காரம்மா தூக்கிக்கொண்டு வந்து குழந்தையின் எதிரே வைத்தாள். “என் ராணி, வா” என்று அவளே முதல் சொம்பை ஊற்றினாள். குழந்தைக்கு மூச்சு முட்டியது. அழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, சொம்பைப் பிடித்து இழுத்து இன்னும் ஊற்றச் சொன்னது. மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பையில் இருந்த நாற்பத்துமூன்று அட்டைகளை என்ன செய்வது? நம்பிக் கொடுத்தனுப்பியவர்களுக்குப் பதில் சொல்லியாகவேண்டும். கடைக்காரர் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றுச் சுவரருகே நின்றார்.

“படிக்கிறது பாவம்னு சொல்லுவீங்களே” என்றாள் மனைவி.

“அந்தக் காலத்துல தந்தி வந்தா கொண்டுவர்றவரே படிச்சுச் சொல்லிட்டுப் போவாராம். அந்த மாதிரி நினைச்சுக்கோ.”

குனிந்து, ஒவ்வொன்றாகக் கிணற்றுக்கு மட்டும் கேட்கும்படி படித்தார். மகளுக்கு வரன், மாமனாருக்கு மூட்டுவலி, பரீட்சை, வேலை. பையனுக்குக் கையெழுத்து திருந்தவேண்டும் என்று ஒன்று. முப்பதாவதோ என்னவோ, நாலாக மடித்த தடம் விழுந்த ஓர் அட்டைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். பிறகு ஓர் எழுத்து விடாமல் அதையும் படித்தார்: “ஜெராக்ஸ் கடைக்காரர் நல்ல மனிதர். அவர் கொஞ்சம் குறைவாகப் பேசவேண்டும்.” மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைக் குழந்தையின் ஈரத்தலையில் புதைத்துக்கொண்டாள்.

படித்து முடித்த அட்டைகள் பைக்குள்ளேயே திரும்பிப் போயின. சட்டையை மாட்டிக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது, கயிறு அவிழ்த்த கிணற்றருகே ஒரு பெண் அவசரமாக வந்தாள். கையில் பூவும் கற்பூரமுமாக முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கவர். கண்ணை மூடிக் கும்பிட்டு, அதைக் கிணற்றுக்குள் வீசக் கையை ஓங்கினாள். கடைக்காரர் எட்டி அந்தக் கவரைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க. நீங்க யாரு, கோவில் ஆளா?”

“இல்லம்மா. இந்தக் கிணத்தை அடைச்ச ஆளு. அதனாலதான் சொல்றேன், கேட்டுக்கோங்க. நமக்குப் பக்தி இருக்குன்னு காட்டறதுக்காக இதுல நாம எதைப் போட்டாலும், அது போய் இன்னொருத்தர் குடத்துத் தண்ணியை மறிச்சுக்கிட்டு நிக்கும், உள்ளே இறங்குறவர் காலை வாரிவிடும். சாமிக்கு நீங்க வாயால சொன்னாலே போதும். கிணத்துல எதையும் போடாதீங்க. தண்ணியைத் தண்ணியா விட்டு வைக்கிறதுதான் இங்க பண்ற பெரிய பூஜை.”

அந்தப் பெண் கவரையும் பார்த்தாள், அவர் கொப்புளித்த கையையும் பார்த்தாள். பிறகு கவரைச் சுவருக்கு வெளியே கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.