டெக்கில் ஜனவரி விருந்து

அமெரிக்காவின் வடகோடியில், மின்னசோட்டாக்காரர்கள் வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'குளிருது'. மூக்கு உறைந்து கையோடு கழன்று வந்தாலும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பரவாயில்ல, இதவிட மோசமா இருந்திருக்கும்" என்பார்கள். அதிலும் விருந்துக்குப் போன இடத்தில் குளிருகிறது என்று முனகுவது, வீட்டுக்காரர் முகத்தில் துப்புவதற்குச் சமம். அவராகப் பார்த்து உள்ளே வாங்க என்று கூப்பிட வேண்டும். அப்போதும் இரண்டு தடவை வேண்டாமென்று மறுத்துவிட்டு, மூன்றாவது தடவை போனால் போகிறதென்று எழுந்திருக்க வேண்டும். இந்த மரியாதையை நம்பித்தான் வெண்டல் ஹால்வர்சன் தன் வீட்டையே பணயம் வைத்தார்.

விஷயம் இதுதான். போன வருஷம் பனி உருகிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி ஆர்டிஸ் பாத்திரம் துடைத்தபடி சொன்னாள்: "அரிசோனாவுல பனியே கிடையாதுன்னு என் தங்கச்சி சொல்றா."

வேறு ஊராக இருந்தால் இது சும்மா பேச்சு. அந்த ஊரில், நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய பெண் இப்படி ஒரு வாக்கியம் சொன்னால் பெட்டியைக் கட்டிவிட்டாள் என்று அர்த்தம். அந்த ஏரிக்கரை வீட்டை அவரே கட்டினார். அதை விட்டுப் போவதென்றால் உயிரில் பாதியை விட்டுப் போவது மாதிரி. இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஆர்டிஸுக்குப் பிரச்சினை குளிர் இல்லை, குளிரில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதுதான் என்று தானாக முடிவு கட்டினார்.

"பின்னாடி திறந்து கிடக்கிற மரத்தளத்தை, அந்த டெக்கை, எல்லாக் காலத்துக்கும் ஏத்த மாதிரி பண்ணிடறேன்" என்றார். "ஒரு வருஷம் டைம் குடு. பருவத்துக்கு ஒரு விருந்து, வெளியிலதான். ஒருத்தராவது ஒரு குறை சொல்லிட்டா, வீட்ட வித்துட்டு அரிசோனா போயிடலாம். யாரும் சொல்லலன்னா இங்கயே இருக்கோம்."

"வித்தியாசமா இருக்கு" என்றாள் ஆர்டிஸ்.

அந்த ஊரில் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது. வெண்டல் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

வசந்தகால விருந்துக்கு டெக்குக்குக் கூரை போட்டார். மழை கூரைக்குத் தப்பிப் பக்கவாட்டில் அடித்தது. பக்கத்து வீட்டு மெர்ல் தன் சூப் கிண்ணம் குடிக்கக் குடிக்க நிறைவதைப் பார்த்து, "பயிருக்கு நல்லது" என்றார். கோடையில் கொசு. நாற்காலிக்கு ஒரு வலை தொங்கவிட்டு ஆளாளுக்குத் தனித்தனியாக உட்கார வைத்தார் வெண்டல். எல்லோரும் முக்காடு போட்ட கல்யாணப் பெண்கள் போல உட்கார்ந்து, உப்பு வேண்டுமென்றால் தரையோடு தரையாகத் தள்ளிவிட்டுக்கொண்டார்கள். மெர்லின் மனைவி கொரீனின் வலைக்குள் மட்டும் கொசுக்கள் எப்படியோ குடும்பத்தோடு நுழைந்துவிட்டன. ஒரு கண் முழுக்க வீங்கி மூடிக்கொள்ள, இன்னொரு கண்ணால் சிரித்தபடி, "இந்த வருஷம் கொசு ரொம்பக் கம்மி" என்றாள். இலையுதிர்காலத்தில் காற்று வந்து மேஜைவிரிப்பைப் பூசணிக்காய் இனிப்போடு சேர்த்து ஏரிக்குக் கொண்டுபோனது. பாஸ்டர் டோலெஃப்சன் வெறும் முள்கரண்டியை வாயில் வைத்து எடுத்து, "இனிப்பு அளவா இருக்கு" என்று பாராட்டினார்.

மூன்று விருந்திலும் ஒரு குறை இல்லை. மிச்சம் ஜனவரி.

அந்த ஞாயிறு, சர்ச் முடிந்து எல்லோரும் வந்தபோது மைனஸ் முப்பது. வெண்டல் ஒரு குறையும் வைக்கவில்லை. நாலு மூலையில் கேஸ் ஹீட்டர், நடுவில் நெருப்புக் குழி, ஆளுக்கொரு மின்சாரப் போர்வை. போர்வை வயர்கள் குட்டையாக இருந்ததால் யாரும் எழுந்திருக்க முடியாது. அதையும் ஒரு வசதியாகவே அவர் நினைத்தார்.

பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்தார். பாதியில் மீசையும் தாடியும் ஒன்றாக உறைந்து வாய் திறக்கவில்லை. மிச்சத்தை மூக்கால் முடித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். உருளைக்கிழங்கு வைத்து ஓவனில் சுட்ட ஹாட்டிஷ் என்ற பதார்த்தம், ஓவனிலிருந்து மேஜைக்கு வருவதற்குள் செங்கல்லாகியிருந்தது. மெர்ல் கரண்டியை அதில் குத்தினார். குத்தியது குத்தியபடி நின்றது. காபிக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார், ஒரு சொட்டு விழவில்லை.

"சிந்தாம இருக்க இது ஒரு நல்ல வழி" என்றார்.

குளிரில் கேஸ் ஒழுங்காக வரவில்லை. ஹீட்டர்கள் அகல்விளக்கு அளவுக்குச் சுருங்கின. நெருப்புக் குழியின் புகை மட்டும் ஒருவர் விடாமல் விசாரித்துவிட்டுப் போனது. பிறகு பாஸ்டர் லேசாக அசைந்ததில் ஏதோ வயர் இழுபட்டு எல்லாப் போர்வையும் ஒரே நேரத்தில் அணைந்தது. வெண்டல் உள்ளே கூப்பிட மாட்டாரா என்று எல்லோரும் சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் தோற்றதாகிவிடும் என்று அவர் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள லைட் எரியுது போல இருக்கே, வெண்டல். கரண்டு வீணாகும். நான் வேணா போய் அணைச்சிட்டு வரட்டுமா?" என்றார் மெர்ல்.

"எரியட்டும்."

"உங்க வீட்டு சமையலறைக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கீங்களாமே" என்றாள் கொரீன். "கிட்டப் போய்ப் பாத்தா அழகா இருக்குமோ என்னவோ."

"இங்கிருந்தே நல்லா தெரியுதே."

பாஸ்டர் தாடியைப் பிளந்து, "நோவா கூட ஒரு கட்டத்துல பேழைக் கதவத் திறந்து எல்லாரையும் உள்ள விட்டாரு" என்றார். வெண்டல் அதற்கும் ஆமென் சொல்லிவிட்டார்.

கடைசியாக இனிப்புக் கட்டிகள் வந்தன. அதைத் தின்று முடித்தால் விருந்து முடிந்தது, வீடு நிலைத்தது. மெர்ல் கடைவாயில் வைத்து ஒரு கட்டியை நொறுக்கிக்கொண்டிருந்தார். பல்லா கட்டியா, எது உடைகிறதென்று தெரியவில்லை. வெண்டலுக்கு மனசுக்குள் மேளமே கொட்டியது. ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பில் மனைவி பக்கம் திரும்பினார்.

ஆர்டிஸ் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். புகையில் கண்ணில் வந்த தண்ணீர் இமையிலேயே உறைந்து நின்றது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"எப்படி இருக்கு, ஆர்டிஸ்?"

"பரவாயில்ல" என்றாள், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பை அவர் பார்த்திருக்கிறார். ஏரியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து கிடந்தபோதும் இதே சிரிப்போடு பரவாயில்லை என்றாள். அவள் அம்மா செத்துப்போன வாரம், எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கும் இதையேதான் சொன்னாள். கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில், கணப்பு கெட்டுப்போன வீட்டில், கோட்டைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தபோதும் இதே பதில். ஒவ்வொரு தடவையும் இவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார். ஊரில் யார் அந்த வார்த்தையைச் சொன்னாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த மனுஷனுக்கு, பெண்டாட்டி சொன்னபோது மட்டும் தெரியவில்லை. வெண்டலுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மெர்ல் வாயிலிருந்ததை விழுங்குவதற்குள் வெண்டல் எழுந்தார்.

"குளிருது" என்றார்.

டெக் அப்படியே ஸ்தம்பித்தது. சர்ச்சில் கெட்ட வார்த்தை கேட்டவள் மாதிரி கொரீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரொம்பக் குளிருது. என்னால தாங்க முடியல. எல்லாரும் உள்ள போங்க."

"அப்படியா? எனக்கு ஒண்ணுமே தெரியலயே" என்றார் மெர்ல். அதைச் சொல்லி முடிக்கும்போது அவர் கதவைத் தாண்டியிருந்தார், இடுப்பில் போர்வையும் பின்னால் வயருமாக. மரியாதைக்கு மறுக்கவேண்டிய முதல் தடவையை ஓடிக்கொண்டே மறுத்தாள் கொரீன், இரண்டாவது தடவையை அடுப்படியில் நின்று மறுத்தாள். பாஸ்டர் மறுக்கவே இல்லை. நேராகப் போய்ச் சூடான ஓவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வெளியே இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"இன்னும் ஒரு வாய்தான் மிச்சம் இருந்துச்சு, ஜெயிச்சிருப்ப" என்றாள் ஆர்டிஸ்.

"தெரியும்." அவர் அவள் கையுறையைக் கழற்றி, விரல்களைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். மரக்கட்டை மாதிரி இருந்தன. "எவ்வளவு நாளா இப்படி?"

"இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கட்டின வீடு. எப்பவும் ஆசையா ஆணி அடிச்சிட்டே இருப்ப. அப்பப் போய் எப்படிச் சொல்றது?"

வெண்டல் கூரையைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். இருந்தும் கேட்டார்.

"அரிசோனாவுக்கு எப்பப் போகலாம்? பனி உருகட்டும், வீடு விக்கட்டும், உன் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, சௌகரியம் பாத்து..."

"நாளைக்கே" என்றாள் ஆர்டிஸ்.